செட்டிநாட்டுக் கோடையில் சின்னப் பிள்ளைகளோடு: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ வங்கியிலோ வேலை கிடைத்துக் காரைக்குடிப் பக்கம் குடிவருகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறார்கள். பழைய ஊரில் பள்ளி முடிந்திருக்கும், புதிய ஊரில் இன்னும் திறந்திருக்காது. வீட்டுச் சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். நாங்களும் அப்படித்தான் 2017 ஏப்ரலில் கோயம்புத்தூரிலிருந்து ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தோம். அந்த முதல் கோடையில் நான் செய்யாத தவறில்லை. இப்போது மகள் பெரியவளாகிவிட்டாள், அவள் தம்பிக்கு நான்கு வயது. இடையில் கற்றுக்கொண்டதை உங்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, வந்த மூன்றாம் நாளே என்னிடம் சொன்னது இது: "நிழல் எங்கே போகிறதோ, அங்கே பாயைத் தூக்கிக்கொண்டு போ ஆத்தா." கீழே வரும் எல்லாமே அந்த ஒரு சொல்லை ஒட்டித்தான்.

முதலில் வீட்டில் நிழலைக் கண்டுபிடியுங்கள்

பழைய செட்டிநாட்டு வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கனத்த சுவர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். இவ்வளவும் வெயிலுக்காகவே கட்டியவை. ஆனால் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இருப்பது என்று தெரிந்தால்தான் பலன் கிடைக்கும்.

குடிவந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, காலை எட்டு மணியிலிருந்து மணிக்கொரு முறை முற்றத்தில் நிழலின் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். மணியையும் பக்கத்தில் எழுதுங்கள். காலையில் கிழக்குத் தாழ்வாரமும் அதை ஒட்டிய முற்றமும் நிழலாக இருக்கும். பிற்பகலில் அது மேற்குப் பக்கம் மாறும். நண்பகல்தான் வெளியூர்க்காரர்களை ஏமாற்றும். காரைக்குடி ஏறத்தாழ பத்து டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறந்த சில நாட்களில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். ஆகவே மே மாத உச்சி வெயிலில் வடக்குத் தாழ்வாரம்தான் பாதுகாப்பு. தெற்குத் தாழ்வாரத்தின் விளிம்பில் வெயில் அடிக்கும். வடக்கு பார்த்த சன்னல் குளிர்ச்சி என்று நம்பி அதன் கீழே தொட்டிலைக் கட்டிவிட்டு, பிள்ளை ஏன் சிணுங்குகிறாள் என்று புரியாமல் நான் விழித்திருக்கிறேன்.

சூரியன் உச்சிக்கு வரும் அந்த நாட்களைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடாதீர்கள். ஏப்ரல் 17 வாக்கில், பன்னிரண்டேகால் மணி அளவில், முற்றத்தில் ஒரு சொம்பை நிறுத்தி வைத்தால் அதற்கு நிழலே இருக்காது. என் மகள் மூன்று வயதில் சொம்பைத் தூக்கி அடியில் நிழல் ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். ஐந்து நிமிடம் போதும், பிறகு உள்ளே வந்துவிடலாம்.

கான்கிரீட் வீடாக இருந்தால் மேல்தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், தண்ணீர் தாராளமாக இருந்தால் மாலையில் மொட்டை மாடியை நனைத்துவிடுங்கள். மேல்தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையைப் பகலில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

விடியற்காலையில் பாதி நாளை முடித்துவிடுங்கள்

இந்த ஊரில் ஐந்தரை மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். நீங்களும் அந்த நேரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஓடுவது, சைக்கிள் ஓட்டுவது, ஊருணிக் கரையில் நடப்பது, கடைக்குப் போவது எல்லாம் ஒன்பது மணிக்குள். அதன்பின் தார்ச்சாலையும் வண்டியின் இருக்கையும் பூங்காவின் இரும்புச் சறுக்கும் பிஞ்சுத் தோலைப் பொசுக்கிவிடும். சறுக்கில் ஏற்றுவதற்கு முன் உங்கள் புறங்கையை அதில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் பிள்ளை ஏறக்கூடாது.

குளியல் தண்ணீரையும் காலையிலேயே பிடித்து வையுங்கள். மாடியில் உள்ள பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர் பகல் பன்னிரண்டுக்கு மேல் கொதிநீர் போல வரும். குழாயைத் திறந்து பிள்ளையின் மேல் நேராக விட்டுவிடாதீர்கள். ஆனால் பிடித்து வைத்த வாளியும் அண்டாவும் வேறோர் ஆபத்து. தவழும் பிள்ளை ஒரு சாண் தண்ணீரில்கூடத் தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது. மூடி போட்டு, மூடியின் மேல் கனம் வைத்து, குளியலறைக் கதவையும் சாத்துங்கள்.

குடிக்கவும் சாப்பிடவும்

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டும் போதும். "ஒரு பாலாடை தண்ணீர் கொடு" என்று சொல்லாத உறவினர் இருக்க மாட்டார்கள். அன்பாகக் கேட்டுக்கொண்டு, பாலை அடிக்கடி கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தால் கேட்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது, விளையாட்டில் மறந்துவிடுவார்கள். நான் மண்பானையைத் தாழ்வாரத்தில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு முக்காலியில் வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு சின்ன சொம்பு. சாக்பீஸ் கோடு போடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சொம்பு குடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் காரம் என்று அஞ்சிக்கொண்டு வருகிறார்கள். ஓட்டல் பலகையைப் பார்த்து வந்த அச்சம் அது. வீடுகளில் பிள்ளைகளுக்கு இடியாப்பமும் தேங்காய்ப் பாலும், பருப்பும் நெய்யும், காரம் குறைந்த இளங்குழம்பும்தான். கோடையில் காலைக்குப் பழைய சோறும் மோரும் நல்லது. ஆனால் ஒன்பது மணிக்குள் தீர்த்துவிடுங்கள், மதியத்துக்கு மிச்சம் வைத்தால் வயிற்றுக்கு ஆகாது. மாலையில் பலகாரம் சாப்பிடுவது இங்கே பழக்கம். உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த மாவை நெய்யில் வதக்கிக் கருப்பட்டிப் பாகில் கிண்டும் கும்மாயத்தை ஒரு முறை செய்துபாருங்கள். மதியம் வெயிலில் சோறு இறங்காத பிள்ளைக்கு அந்த ஓர் உருண்டையே தெம்பு.

நுங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஏப்ரல், மே மாதங்களில் சாலையோரமெல்லாம் நுங்கு வெட்டிக்கொண்டிருப்பார்கள். தோலை உரித்து, சின்னப் பிள்ளைகளுக்கு விரலால் நன்றாக மசித்துக் கொடுங்கள். முழு நுங்கு வழுக்கிக்கொண்டு தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். தேன் கலந்த எதையும் ஒரு வயதுக்குள் கொடுக்காதீர்கள்.

பதினொன்றிலிருந்து நாலரை வரை

எல்லாப் பெற்றோரும் திணறுவது இங்கேதான். ஐந்தரை மணி நேரம், வெளியே விட முடியாது, மின்சாரம் போனால் தொலைக்காட்சியும் இல்லை. கைப்பேசியைக் கையில் கொடுத்துவிடத் தோன்றும். நானும் முதல் ஆண்டு கொடுத்தேன். மாலைக்குள் பிள்ளை சோர்ந்து, சிடுசிடுத்து, இரவில் தூங்கவும் மாட்டாள். இரண்டாம் ஆண்டிலிருந்து பகலை மூன்று துண்டாக வெட்டிக்கொண்டேன்.

முதல் துண்டு கைவேலை. பல்லாங்குழி, தாயம், சொட்டாங்கல் எல்லாம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கும் விளையாட்டுகள். முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மரப் பல்லாங்குழிப் பலகை, பித்தளைச் சொப்பு எல்லாம் கிடைக்கும். ஐந்து வயதுப் பிள்ளை பல்லாங்குழியில் எண்ணக் கற்றுக்கொள்வதை நான் கண்ணால் பார்த்தேன். கோடை வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு வருந்தியதும் அந்த ஆண்டுதான். நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். நான்காம் நாள் நிறுத்திவிட்டேன். ஏழு வயதுக்குள் பிள்ளைக்குக் கோடை வகுப்பே தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போட்டு விளையாடும்போது கூடவே உட்காருங்கள். என் மகன் இரண்டரை வயதில் ஒரு கொட்டையை மூக்கில் செருகிக்கொண்டான். நான் பதறிப்போய் ஊக்கால் எடுக்கப் பார்த்தேன், அது இன்னும் உள்ளே போய்விட்டது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டு, "ஈரத்தில் ஊறி உப்பியிருந்தால் கடினமாகியிருக்கும், நீங்களாகக் குச்சி விடாமல் உடனே வந்துவிட வேண்டும்" என்றார். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் சோழியும் கொட்டையும் அவன் தூங்கிய பின்தான்.

இரண்டாம் துண்டு தூக்கம். ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் வண்ணத் தரைக்கல்) பதித்த தரையை ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அதன் மேல் கோரைப்பாயைப் போடுங்கள். மெத்தை வேண்டாம், அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் உலரும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், கல் வழுக்கும். கைக்குழந்தைக்கு இந்த நேரத்தில் இடுப்பில் எதுவும் கட்டாமல் காற்றாட விட்டாலே வேர்க்குரு பாதி குறையும். அதன்மேல் பவுடரைக் கொட்ட வேண்டாம், மூச்சோடு உள்ளே போகும். ஆச்சி நுங்குத் தண்ணீரைத் தடவச் சொன்னார். தடவினேன், பிள்ளை சிரித்தாள். ஆனாலும் வேர்க்குரு வற்றியது பருத்திச் சட்டையாலும் இரண்டு வேளைக் குளியலாலும்தான்.

மூன்றாம் துண்டு கதை. மூன்று மணிக்கு எழுந்த பிள்ளைக்கு உடனே எதையாவது ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. மேற்குத் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு, பெரியவர்கள் யாராவது பேசினால் போதும். எங்கள் பிள்ளைகளுக்குப் பர்மாவும் மலேயாவும் தெரியும் என்றால் அது ஆச்சி சொன்னதுதான். இந்த வீட்டுத் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை என்று சொல்லும்போது அவர் தூணைத் தட்டிக் காட்டுவார், பிள்ளைகளும் தட்டிப் பார்ப்பார்கள்.

வத்தல் போடும் நாள்

கோடையில் ஒரு நாளாவது இதைச் செய்யுங்கள். முதல் நாள் இரவே அரிசியை ஊறவைத்து அரைத்து வைத்துவிடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூழ் காய்ச்சி, உப்பும் சீரகமும் பச்சை மிளகாய் விழுதும் சேர்த்து, பிள்ளைகளுக்கென்று மிளகாய் போடாத ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். கை பொறுக்கும் சூடு வந்தபின் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, ஆளுக்கொரு கரண்டி கொடுங்கள். பெரியவர்கள் வட்டமாக ஊற்றுவார்கள். பிள்ளைகள் ஊற்றுவது யானையாகவும் ரயிலாகவும் இருக்கும், இருக்கட்டும். ஏழரை மணிக்கு எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். காக்கையை விரட்ட ஒரு பழைய கறுப்புக் குடையை விரித்துக் கட்டிவிட்டால் அதுவே காவல்.

மாலையில் ஏறிப் பார்த்தால் விளிம்பு காய்ந்து, நடு மட்டும் இழுபடும். அந்தப் பாதி காய்ந்த வத்தலைப் பிய்த்துத் தின்பதற்காகவே பிள்ளைகள் பகல் முழுவதும் மணி கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கு நாலுக்கு மேல் கொடுக்காதீர்கள், வயிறு மந்தமாகும். மறுநாள் வேட்டியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, இன்னும் இரண்டு நாள் வெயிலில் காய வைத்தால் ஆயிற்று.

வெளியே போவதென்றால்

பிள்ளையார்பட்டிக்குக் காலை ஆறரைக்கெல்லாம் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கல் தளத்தில் பெரியவர்களே கால் வைக்க முடியாது. பையில் பிள்ளைக்கு ஒரு ஜோடி தடித்த காலுறை இருக்கட்டும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு இப்போது போக வேண்டாம். பறவைகள் மழைக்காலத்தை ஒட்டி வருபவை. மே மாதத்தில் வெறும் கண்மாயைப் பார்த்துத் திரும்ப நேரிடும்.

நான் பரிந்துரைப்பது ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை. காரைக்குடியிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் வீடு திரும்பிவிடலாம். கீழே ஒரு கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணக் குழம்பைத் தொழிலாளி சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார். பிறகு அச்சை நேராக மேலே தூக்குகிறார், வண்ணங்கள் கலப்பதில்லை. என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு நொடிக்குத்தான். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, சாந்து வைத்து அழுத்தி மட்டம் செய்து, காய வைத்துத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி தருவது. பிள்ளை ஈரச் சாந்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிமெண்டு தோலை அரிக்கும். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் தரையில் குப்புறப் படுத்து ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டிருந்தாள், மதியம் அதிலேயே போய்விட்டது.

ஊருணி, கண்மாய், கிணறு மூன்றுக்கும் ஒரே விதி: பெரியவர் கையைப் பிடிக்காமல் படித்துறையில் ஒரு படிகூட இறங்கக் கூடாது. கோடையில் தண்ணீர் குறைந்து பாசிப் படிகள் வெளியே தெரியும். நடுவில் ஆழம் அப்படியே இருக்கும். சில ஊருணிகள் குடிநீருக்கானவை. அங்கே கால் நனைக்கவும் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நிறுத்திய காரில் "இரண்டு நிமிடம்தானே" என்று பிள்ளையை விட்டுச் செல்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

விளையாடத் துணை இல்லையே என்று கவலை வேண்டாம். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் மே மாதத்தில் கல்யாணத்துக்கும் கோவில் காரியத்துக்கும் திறக்கும். சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். மாலை ஐந்து மணிக்கு உங்கள் பிள்ளையைத் திண்ணையில் உட்கார வையுங்கள். இரண்டே நாளில் தெருப் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

எப்போது பயப்பட வேண்டும்

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, கண் குழி விழுந்திருக்கிறது என்றால் உடலில் நீர் வற்றிவிட்டது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். கரைத்தது ஒரு நாளுக்கு மேல் ஆகாது.

உடல் நெருப்பாய்ச் சுட்டு, பிள்ளை துவண்டு, கூப்பிட்டால் சரியாகப் பார்க்கவில்லை என்றால் அது வெப்பவாதம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அம்மை கண்டால் வேப்பிலை வைப்பவர்கள் வைக்கட்டும், மருத்துவரிடம் காட்டுவதை மட்டும் தள்ளிப் போட வேண்டாம்.

மே கடைசி வாரம்

இரண்டு மாதம் விடியலில் எழுந்து மதியம் தூங்கிய பிள்ளை, பள்ளி திறந்த முதல் வாரம் பகலில் மேசையில் சாய்ந்து தூங்கும். மே இருபதுக்கு மேல் மதியத் தூக்கத்தை இரண்டு நாளுக்குப் பத்து நிமிடம் என்று குறைத்து, இரவுத் தூக்கத்தை அதே அளவு முன்னே கொண்டுவாருங்கள்.

காலணியைப் பழைய அளவில் வாங்காதீர்கள். கோடை முழுவதும் வெறுங்காலோடு ஓடிய கால் வளர்ந்திருக்கும். நாள் முழுவதும் நடந்த கால் சற்று அகன்றிருக்கும் என்பதால் மாலையில் அளப்பது நல்லது. ஒரு தாளைத் தரையில் வைத்து, பிள்ளையை அதன்மேல் நிற்கச் சொல்லி, மிச்சமிருக்கும் சாக்பீஸால் பாதத்தைச் சுற்றி வரைந்து, அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.